குதிநாண் வலி: மசாஜா, தொக்கணமா, ஊசியா, பிசியோவா?

காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் குதிகாலுக்கு மேலே ஒரு விறைப்பு. கொஞ்சம் நடந்தால் விட்டுவிடும். ஓடத் தொடங்கினால் முதல் கிலோமீட்டரில் வலித்து, நடுவில் மறைந்து, மறுநாள் காலை கூடுதலாகத் திரும்பும். ஓடுபவர்களும் பேட்மின்டன் ஆடுபவர்களும் அதிகம் கொண்டுவரும் அக்கிலிஸ் குதிநாண் கோளாறு இது. கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நாண்தான் குதிநாண்.

ஓடும்போது இந்த நாண்மேல் உடல் எடையைப் போல ஆறு மடங்கு வரை, சிலருக்கு அதற்கு மேலும் இழுவை விழுகிறது. 70 கிலோ ஆளுக்கு அது 400 கிலோவைத் தாண்டும். எந்தக் கையும், எந்த ஊசியும் நாணை அந்தச் சுமைக்குப் பழக்க முடியாது. கீழே சொல்லும் வழிகளை இந்த ஒரு கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

ஸ்போர்ட்ஸ் மசாஜில் தேர்ந்தவர் நாணைத் தொடுமுன் கெண்டைக்கால் சதைக்குப் போவார். முழங்காலை நீட்டி வைத்து மேல்சதை. மடக்கி வைத்து அதன் அடியில் இருக்கும் சோலியஸ். ஓட்டத்தில் அதிகச் சுமை தாங்குவது சோலியஸ்தான். காலை நீட்டியபடி அழுத்தினால் மேல்சதை இறுகிக் குறுக்கே நிற்கும், கை உள்ளே போகாது. ஒரு காலுக்கு 10 முதல் 15 நிமிடம் போதும். எழுந்து நடந்தால் கால் லேசாக இருக்கும், அது பொய்யில்லை. ஆனால் “முடிச்சைக் கரைத்துவிட்டேன்” என்பதை அப்படியே நம்ப வேண்டாம். வலி உணர்வு தற்காலிகமாக மட்டுப்படுகிறது, அவ்வளவுதான். ஓரிரு நாளில் பழையபடி ஆகும். கெடுவது எங்கே என்றால், வீங்கிய நாணையே கட்டைவிரலால் குறுக்காகத் தேய்ப்பதில். எலும்போடு நாண் ஒட்டும் இடத்தில் வலி இருப்பவருக்கு இது நிச்சயம் ஆகாது. ரத்தம் கன்றுவது நல்ல மசாஜுக்கு அடையாளமும் இல்லை.

தொக்கணம் என்பது உடலைக் கையால் பிடித்துவிடும், சித்த மருத்துவத்தின் புறமருத்துவ முறை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது வகை. முதுகு, தோள், தொடை என்று உடல் முழுக்க அசதி இருப்பவருக்குத் தனி மசாஜைவிட இது பொருந்தும். குதிநாணுக்கு வரும்போது பிடித்தலும் மிதமான அழுத்தலும் சதையில் போதும். முறுக்கலும் இழுத்தலும் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம், அல்லது தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடத்தில் செய்துகொள்வது நல்லது. “நரம்பு எடுக்கிறேன்” என்று சொடக்கு எடுக்கும் ஆட்களிடம் காலை நீட்டாதீர்கள்.

ட்ரை நீட்லிங் என்பது மருந்தில்லாத மெல்லிய ஊசியைச் சதைக்குள் இறக்குவது. சதை ஒருமுறை துடித்து அடங்கும். இறுக்கம் சட்டென்று குறையலாம்; ஊசி போட்ட இடம் ஒன்றிரண்டு நாள் வலிக்கும். அன்று ஓட்டம் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதன் பலனும் மசாஜின் பலனைப் போல நாள்கணக்குதான்.

ஃபோம் ரோலர், அதாவது சதைக்கு அடியில் வைத்து உருட்டும் நுரை உருளை, வீட்டுச் செலவில் முடியும். கெண்டைக்காலில் ஒன்றிரண்டு நிமிடம் உருட்டினால் கணுக்கால் சற்று நேரம் கூடுதலாக மடங்கும். ஓட்டத்துக்கு முன் அதற்காகச் செய்யலாம். நாணின்மேல் உருட்ட வேண்டாம்.

இனி பிசியோ. இங்கே படுக்கையைவிடப் படிக்கட்டுக்கு வேலை அதிகம். ஸ்வீடனின் எலும்பு மருத்துவர் அல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்ட முறை இன்றும் அடித்தளம்: படி விளிம்பில் முன்பாதத்தில் நின்று, நல்ல காலால் மேலேறி, வலிக்கும் காலால் மெல்லக் குதிகாலை இறக்குவது. முழங்கால் நீட்டி 15 தடவை வீதம் 3 சுற்று, மடக்கி 3 சுற்று. காலை மாலை இரு வேளை, 12 வாரம். ஒரு நாளைக்கு 180. எளிதானதும் முதுகுப்பையில் எடை ஏற்ற வேண்டும். பலர் இந்த எடை ஏற்றும் கட்டத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள், பிறகு “பயிற்சி பலிக்கவில்லை” என்கிறார்கள். தினமும் 180 முடியாதவருக்கு, வாரம் மூன்று நாள் ஜிம்மில் அதிக எடையோடு, ஏற மூன்று வினாடி, இறங்க மூன்று வினாடி என்று செய்யும் முறையும் 12 வாரத்தில் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது.

வலி எலும்பில் ஒட்டும் இடத்தில் என்றால் படியை விடுங்கள். தரையில் நின்றே ஏறி இறங்குங்கள். குதிகால் தரைமட்டத்துக்குக் கீழே போனால் நாண் எலும்பில் நசுங்கும். நாணின் நடுப்பகுதி, அதாவது ஒட்டும் இடத்துக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே வலி இருந்தால்தான் படி.

பயிற்சியில் பத்துக்கு ஐந்து வரை வலி பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் அடங்கினால். அடங்காவிட்டால் எடையைக் குறையுங்கள், பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. மொத்தமாக ஓய்வெடுத்தால் வலி போகும், நாணும் பலவீனமாகும். ஓடத் தொடங்கியதும் திரும்ப வரும்.

பணமும் நேரமும் குறைவென்றால் பிசியோவும் ரோலரும் போதும். பயிற்சி செய்ய முடியாத அளவு வலி இருந்தால் முதல் இரண்டு மூன்று வாரம் மசாஜோ தொக்கணமோ சேர்த்து, லேசான அந்த நேரத்திலேயே பயிற்சியையும் செய்துவிடுங்கள். ஸ்டீராய்டு ஊசி மட்டும் நாணுக்கு வேண்டாம். நாண் அறுபடும் ஆபத்து உண்டு. சிப்ரோஃப்ளாக்ஸசின் வகை ஆன்டிபயாடிக் எடுத்தபின் நாண் வலித்தால், பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டு நிலைகளில் தேய்க்கவோ பிடிக்கவோ யாரிடமும் காலைக் கொடுக்கக் கூடாது. நீண்ட பயணத்துக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். தேய்த்தால் கட்டி நகரலாம். பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் உணர்ந்து கால் தளர்ந்தால், குப்புறப் படுத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்க, உடனிருப்பவரிடம் கெண்டைக்காலைப் பிழியச் சொல்லுங்கள். பாதம் அசையாவிட்டால் நாண் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். அன்றே எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

போட்டிக்குப் போகிறவர் ஆழமான மசாஜைக் குறைந்தது மூன்று நாள் முன்பே முடித்துவிட வேண்டும். தெரபிஸ்டைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை உண்டு: முதல் நாளே இரு காலிலும் ஒற்றைக்காலில் எத்தனை தடவை குதிகால் உயர்த்த முடிகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்கிறாரா பாருங்கள். அதை எண்ணாமல் பத்து அமர்வுக்கு முன்பணம் கேட்டால், வேறு ஆளைத் தேடுங்கள்.