ஐந்து முகம், மூன்றுக்குத்தான் வேலை: மடக்கு ரிஃப்ளெக்டர்

உணவைப் படமெடுக்கக் கற்கிறவர்கள் புது லென்ஸுக்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள் இது: ஒளியைத் திருப்பி உணவின் மேல் விழவைக்கும், மடக்கக்கூடிய வட்டத் தட்டி. ‘ஃபைவ் இன் ஒன்’ என்று விற்கிறார்கள். நடுவில் ஒளியை வடிகட்டும் டிஃப்யூசர் துணி, அதற்கு ஜிப் வைத்த உறை. உறையைத் திருப்பித் திருப்பிப் போட்டால் வெள்ளை, கறுப்பு, வெள்ளி, தங்கம் என நான்கு முகங்கள்.

கொடுத்த காசுக்கு டிஃப்யூசர் ஒன்றே போதும். வெயில் நேராக விழும் ஜன்னலோரம் சூப்புக் கிண்ணத்தை வைத்துப் பாருங்கள். மிதக்கும் எண்ணெய்த் துளி ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைப் பொட்டு குத்தும். கரண்டி நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழும். இடையில் டிஃப்யூசரை நிறுத்தினால் பொட்டுகள் பரந்து மெல்லிய மினுமினுப்பாகும், நிழலின் ஓரம் கரையும். ஆனால் ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) போய்விடும்: 1/125 நொடியில் எடுத்த படம் 1/60-க்கோ 1/30-க்கோ இறங்கும். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றாதீர்கள், கேமராவை டிரைபாடில் வையுங்கள். சூப்பு எங்கும் ஓடிவிடாது.

வெள்ளை முகம் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், தட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்கட்டும். ரொம்ப ஒட்டி வைத்தால் நிழலே இல்லாமல் உணவு தட்டையாகிவிடும். வெள்ளைக் க்ரீம் கேக் பின்னணியோடு கலந்துபோனால் அதே இடத்தில் ஒளியை உறிஞ்சும் கறுப்பு. இழந்த விளிம்பு திரும்பும். வெள்ளி, குழம்பான பதார்த்தங்களில் இரண்டாவது சூரியனைப்போல் பளீரிடும். தங்கத்தைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம்: ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் ஜன்னலின் நீலம், எந்த ஒயிட் பேலன்ஸும் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கேமராவின் நிற அமைப்பு) இரண்டையும் ஒருசேரத் திருத்தாது.

மலிவான தயாரிப்புகளில் டிஃப்யூசர் துணியே நிறம் ஏற்றும். வாங்கியவுடன் ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வினில் பூட்டி, வெள்ளைத் தாளைத் துணியோடு ஒன்று, துணியில்லாமல் ஒன்று எடுத்து ஒப்பிடுங்கள். மஞ்சளோ பச்சையோ தட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அளவு: ஒரு தட்டுக்கு 80 செ.மீ. தாராளம். 60 செ.மீ. வாங்கினால் அதன் வட்ட நிழலுக்கு வெளியே வெயில் மேசையில் எட்டிப் பார்க்கும். மேலிருந்து முழு மேசையையும் எடுக்க 110 வேண்டும். எந்த அளவானாலும் தானாக நிற்காது. ஸ்டாண்டும் கிளிப்பும் தனிச் செலவு.

மடக்கும்போது இரு ஓரங்களையும் பிடித்து, கைகளை எதிரெதிராகத் திருகி, உள்நோக்கித் தள்ளினால் மூன்று சிறு வளையமாகச் சுருளும். வலுக்கட்டாயமாக மடித்தால் எஃகு வளையம் கோணிப் பிறகு அலையலையாகவே நிற்கும்.