அத்திக்குப் பதியம் போடும் உருண்டை: விலை குறைந்தாலும் யோசிக்கணும்

பதியம் போடும், அதாவது கிளை மரத்தில் இருக்கும்போதே அதில் வேர்விட வைக்கும் பிளாஸ்டிக் உருண்டைக்கு விலை குறைத்திருக்கிறார்களாம், ஒரு பத்து வாங்கிவிடட்டுமா என்று நண்பர் கேட்டார். கோயம்புத்தூரில் எங்கள் மாடியில் நிற்கும் பூனா ரக அத்தியில் சில வருடங்களாக இதைத்தான் மாட்டி வருகிறேன். பட்டையை ஒரு அங்குல அகலத்துக்கு வளையமாக உரித்து, வழுவழுப்பு போகச் சுரண்டி, ஈரமான தேங்காய் நார்த்தூளை வைத்து மூடும் வேலை தெரிந்தவர்களுக்குத்தான் இது.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். வேர் நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் அந்தப் பெருமையில் பெரும்பங்கு அத்திக்குத்தான். வெறும் குச்சியை நட்டாலே துளிர்க்கிற மரம் இது. பட்டையை எடுத்ததும் இலையிலிருந்து இறங்கும் சர்க்கரையும், வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற ஹார்மோனும் கீழே போக வழியில்லாமல் வெட்டின் மேல் விளிம்பில் தேங்குகின்றன. உள்கட்டை வழியாகத் தண்ணீர் ஏறிக்கொண்டே இருப்பதால் இலையும் வாடாது. அந்த இடத்தை ஈரத்தோடு மூடி வைத்தால் போதும். பாலிதீன் கவரும் சணலும் இதே வேலையைச் செய்யும்.

என் கோபமெல்லாம் அந்தப் பூட்டின் மேல்தான். அத்தியின் பால் தோலில் ஒட்டி, அதன்மேல் வெயிலும் பட்டால் கொப்புளம் வந்துவிடும். அதனால் கையுறை இல்லாமல் நான் தொடுவதில்லை. உருண்டையின் இரண்டு பாதியையும் சேர்க்கிற கொக்கியோ நகத்தால் அழுத்தினால்தான் விழும். கையுறையோடு அழுத்தினால் வழுக்கும், ஒரு பக்கம் மாட்டும்போது மறுபக்கம் திறந்துகொள்ளும், அடைத்த நார்த்தூள் சட்டையில் கொட்டும். வடிவமைத்தவர் அத்தியை ஒருமுறையாவது வெட்டிப் பார்த்திருப்பாரா என்று தெரியவில்லை.

கிளை கொஞ்சம் மெலிந்திருந்தால் கழுத்தில் இடைவெளி விழுகிறது. ஆடிக் காற்றில் அந்த வழியாக ஈரம் போய்விடும். தொட்டுப் பார்த்தால் உருண்டை கனமே இல்லாமல் இருக்கும். திறந்தால் நார்த்தூள் உருண்டையின் சுவரை விட்டுச் சுருங்கிக் கிடக்க, எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு நாலா பக்கமும் ஓடும். கழுத்தைத் துணியால் சுற்றி, ஊசி இல்லாத சிரிஞ்சால் தண்ணீர் விட்டு, கம்பியால் இறுக்கிக் கட்டிச் சமாளிக்கிறேன். இவ்வளவும் நானே செய்வதென்றால் காசு எதற்கு? உள்ளே வேர் வந்ததா என்று பார்க்கவும் முடியாது, கறுப்பு பிளாஸ்டிக். கண்ணாடி மாதிரி கவர் என்றால் வெள்ளை வேர் ஓடுவது வெளியிலிருந்தே தெரியும்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். கிளையை அறுத்த பிறகு உருண்டையைப் பிளந்தால் வேர்க்கட்டி உடையாமல் முழுதாக வருகிறது. கவரைப் பிரிக்கும்போது எனக்கு அது பாதி நேரம் உதிர்ந்துவிடும். பாதி இலையைக் கிள்ளிவிட்டு, பையில் நட்டு நிழலில் வைத்தால் கன்று வாடுவதே இல்லை. காய்த்த கிளையில் போட்ட பதியம் என்பதால் அந்த வருடமே பையில் இரண்டு மூன்று காய் விட்டபோது எனக்கே ஆச்சரியம்.

அதற்காக வாங்கச் சொல்வேனா? மாட்டேன். பாதி விலைக்குக் கொடுத்தாலும் அந்தக் கொக்கி அதே கொக்கிதானே. என்னிடம் இருப்பதைக் கேட்டால் மட்டும் தரமுடியாது, இந்தப் பருவத்துக்கு எனக்கே வேண்டும்.