லோடர், பேக்ஹோ மாட்டிய சிறு டிராக்டர்: கியரா, ஹைட்ரோஸ்டாட்டிக்கா?

சிறு டிராக்டரில் முன்னால் மண் அள்ளும் லோடரும் பின்னால் குழி தோண்டும் பேக்ஹோவும் மாட்டி வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறனைத்தான் விசாரிக்கிறார்கள். பல வருடம் வைத்து ஓட்டப் போகிறவருக்கு அதைவிட முக்கியமான கேள்வி, கியர் வண்டியா, ஆயில் அழுத்தத்தால் ஓடும் ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியா என்பது. நான் முதலில் வைத்திருந்தது கியர். இப்போது இருப்பது ஹைட்ரோஸ்டாட்டிக், 1,400 மணி நேரம் ஓடியிருக்கிறது. என் ஓட்டு இதற்குத்தான்.

கியர் வண்டியின் பலங்கள் தெரிந்தவைதான். இன்ஜினின் சக்தி பல்சக்கரங்கள் வழியாகப் போவதால் வீணாவது குறைவு, டீசல் மிச்சம். விலையும் குறைவு. எந்த மெக்கானிக்கும் தயங்காமல் கை வைப்பார். நாள் முழுக்க ஒரே வேகத்தில் உழுவதுதான் உங்கள் முக்கிய வேலை என்றால் கியரையே வாங்குங்கள். பேக்ஹோவால் தோண்டும்போது வண்டி நின்றபடிதான் இருக்கும், அங்கே இரண்டும் ஒன்றுதான்.

லோடர் வேலையில்தான் வித்தியாசம் தெரியும். குவியலுக்குள் போய் அள்ள வேண்டும், பின்னால் வர வேண்டும், முன்னால் போய்க் கொட்ட வேண்டும், மறுபடி பின்னால் வர வேண்டும். ஒரு பக்கெட்டுக்கு நாலு முறை திசை மாறுகிறது. ஐம்பது பக்கெட் அள்ளினால் 200 தடவை கிளட்ச் மிதிக்க வேண்டும். குவியலை நெருங்கும்போது மெதுவாக நகர்த்த வேண்டுமே என்று கிளட்ச்சைப் பாதி மிதித்தபடியே ஓட்டுவோம். கிளட்ச் பிளேட்டைத் தின்பது அதுதான். ஹைட்ராலிக் ஷட்டில் (கிளட்ச் மிதிக்காமலே ஒரு லீவரில் திசை மாற்றும் அமைப்பு) உள்ள கியர் வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் நான் அதை ஓட்டியது சில நாட்கள் மட்டுமே.

பிளேட் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாமே என்று நானும் நினைத்தேன். பிளேட் ஒன்றும் பெரிய விலை இல்லை, அதை எட்டுவதுதான் பாடு. கிளட்ச் இருப்பது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில், அதனால் டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பேக்ஹோவுக்கான அடிச்சட்டமோ பின் ஆக்சிலிலிருந்து லோடர் தாங்கி வரை வண்டிக்கு அடியில் நீளமாக ஓடுகிறது. என் பழைய கியர் வண்டியில் முதலில் பேக்ஹோவை இறக்கினோம், அப்புறம் லோடரை, அப்புறம் சட்டத்தை. ஒவ்வொரு ஹோஸிலும் (ஆயில் போகும் குழாய்) அடையாளம் கட்டினோம். மூன்று நாள் போனது. வெறும் டிராக்டராக இருந்திருந்தால் இத்தனை பாடு இல்லை. லோடரும் பேக்ஹோவும் சேர்ந்த வண்டிக்குக் கிளட்ச்தான் பெரிய செலவு என்று அன்றைக்குப் புரிந்தது.

ஹைட்ரோஸ்டாட்டிக்கில் இன்ஜின் ஒரு பம்பைச் சுழற்றுகிறது, பம்ப் தள்ளும் ஆயில் ஒரு மோட்டாரைச் சுழற்றுகிறது. முன்னால் போவதும் பின்னால் வருவதும் காலடி மிதியிலேயே முடிந்துவிடும். சில வண்டிகளில் கிளட்ச்சும் உண்டு, ஆனால் திசை மாற்ற அது தேவைப்படாததால் தேய்மானம் மிகக் குறைவு. பழகாதவர்கள் செய்யும் தவறு ஒன்று: பாரத்தில் வண்டி திணறும்போது மிதியை இன்னும் அழுத்துவது. அழுத்தினால் வேகம் கூடும், இழுவை குறையும். காலைத் தளர்த்தினால்தான் வண்டி தள்ளும். குவியலில் எப்போதும் லோ ரேஞ்ச், அதாவது வேகம் குறைந்து இழுவை கூடிய நிலை.

இதன் உயிர் ஆயிலில் இருக்கிறது. பல தயாரிப்புகளின் கையேட்டில் ஃபில்டரை முதல் 50 மணி நேரத்தில் மாற்றச் சொல்லியிருக்கும். அதைத் தவறவிடாதீர்கள், புது வண்டியின் இரும்புத் துகள்கள் அதில்தான் மாட்டுகின்றன. அப்புறம் பெரும்பாலும் 200 மணிக்கு ஒருமுறை. உங்கள் கையேடு சொல்வதே கணக்கு. ஆயில் பால் மாதிரி வெளுத்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தினால் ஆயில் அளவையும் உறிஞ்சும் பக்கத்து வலையையும் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது நன்றாக இழுத்து, சூடானதும் தளர்ந்தால் முதலில் ஆயிலும் ஃபில்டரும், அப்புறம் மிதி இணைப்பு, கடைசியாகத்தான் பம்ப் மீது சந்தேகம். எனக்கு ஒருமுறை இப்படி வந்து, அடைத்திருந்த ஃபில்டரை மாற்றியதும் சரியானது. பம்பே தேய்ந்துவிட்டால் செலவு கிளட்ச்சைவிடப் பல மடங்கு என்பதையும் மறைக்கக் கூடாது. என் வண்டி அந்த நிலைக்கு வரவில்லை.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒன்று. பல வண்டிகளில் பேக்ஹோவைக் கழற்றியதும் அதற்குப் போன இரண்டு ஹோஸ்களையும் ஒன்றோடொன்று கோத்துவிட வேண்டும். மறந்தால் ஆயில் திரும்ப வழியில்லாமல் ரிலீஃப் வால்வு (மிஞ்சிய அழுத்தத்தைத் திறந்துவிடும் வால்வு) அலறும், பின்னால் உள்ள லிஃப்ட்டும் தூக்காது. பம்ப் போய்விட்டது என்று பயந்து ஆளைக் கூப்பிடும் முன் இதைப் பாருங்கள். கசிவைத் தேடும்போது கையை வைக்கவே வைக்காதீர்கள், அட்டைத் துண்டால் தேடுங்கள். அந்த அழுத்தத்தில் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், போனால் வலி தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பழைய ஹைட்ரோஸ்டாட்டிக் வாங்கப் போனால் குளிர்ந்த வண்டியை ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஒரு மணி நேரமாவது மண் அள்ளச் சொல்லுங்கள், அப்புறம் ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள்.