மதுரைல காருக்கு பிபிஎஃப் ஒட்டுனேன், காசுக்கு ஒர்த்தா இல்லையா

பிபிஎஃப்னா பெயின்ட்டுல கல்லு, கீறல் படாம இருக்க மேல ஒட்டுற நெறமில்லாத பிளாஸ்டிக் பிலிம். முதல்லயே சொல்லிர்றேன், முன்பக்கத்துக்கு மட்டும்னா தாராளமா ஒட்டுங்க, ஃபுல் பாடின்னா நல்லா யோசிச்சுட்டு போங்க. நான் ஒட்டுனது முன்பக்கமும் சில சில்லறை எடங்களும்தான். கார் கறுப்பு கலரு, சின்ன எஸ்யூவி. இந்த வெயில் ஊர்ல எதுக்குய்யா கறுப்பு எடுத்தன்னு கேக்காதீங்க, அது வீட்டம்மா சாய்ஸ், அதுக்கு மேல அப்பீல் கிடையாது.

எனக்கு வேலை மேலூர் பக்கம், தினமும் திருச்சி ஃபோர்வேலதான் போக்குவரத்து. அந்த ரோட்ல ஓட்டுறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, ஜல்லி லாரி, எம்சாண்ட் டிப்பர், கிரானைட் கல்லு ஏத்துன டிரெய்லர்னு வரிசையா போகும், பாதி வண்டில தார்ப்பாயே இருக்காது, இருந்தாலும் ஒரு ஓரம் பறந்துட்டு கெடக்கும். பின்னாடி போனா கண்ணாடில சடசடன்னு சத்தம் கேக்கும். அந்த மண்ணும் பொடிக்கல்லும் பானட் நுனிலயும் பம்பர்லயும் குத்திக் குத்தி பெயின்ட்ட தெறிக்க விட்டுரும், கறுப்புல அது உள்ள இருக்க பிரைமர் தெரிஞ்சு வெள்ளை வெள்ளையா எள்ளு கொட்டுன மாதிரி காட்டும். அதுக்காகத்தான் பிபிஎஃப்னு எறங்குனேன், பளபளப்புக்காக இல்ல. பளபளப்பு மட்டும் வேணும்னா, பெயின்ட் மேல தண்ணி மாதிரி பூசி காய விடுற செராமிக் கோட்டிங்கே போதும்.

இந்த எடத்துல ஒண்ணு சொல்லணும், செராமிக் விக்கிறவங்க பாதி பேரு 9ஹெச் ஹார்ட்னெஸ், கல்லே பட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு அள்ளி விடுறாங்க. அந்த 9ஹெச்ங்கறது பென்சில வச்சு கீறிப் பாக்குற டெஸ்ட்டு, அதுக்கும் 80ல போகும்போது வந்து அடிக்கிற கல்லுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. செராமிக் ஒண்ணு ரெண்டு மைக்ரான் கனம் வந்தாலே பெருசு. பிபிஎஃப் 150லருந்து 200 மைக்ரான் வரைக்கும் வரும், கம்பெனி பெயின்ட்டு மேல இருக்க கிளியர் கோட்டே கிட்டத்தட்ட 40, 50தான், அப்ப பாத்துக்கங்க. இந்த பிலிமே முதல்ல காருக்கு வந்தது இல்ல, வியட்நாம் போர் காலத்துல அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர் றெக்கை மண்ணுலயும் சிதறல்லயும் தேயாம இருக்க ஒட்டுன யூரித்தேன் பிலிம்லருந்து வந்ததுதான். அடி வாங்குறதுதான் அதோட வேலையே.

சரி கடைக்கு வருவோம். பைபாஸ் ரோடு, கே.கே.நகர், அப்புறம் ரிங் ரோடு பக்கம் ஒண்ணுன்னு சுத்தி விசாரிச்சேன். ஒரு கடைல ஃபுல் பாடியே 38,000ன்னு சொன்னான், அட பரவால்லயேன்னு எந்த மெட்டீரியல் தம்பின்னு கேட்டா "இம்போர்ட்டட் அண்ணே"ங்கறான். இம்போர்ட்டட்ங்கறது மெட்டீரியலா? ரோல் டப்பாவ காட்டுன்னா முழிக்கிறான். இந்த ரேட்டுக்கு வர்றது பெரும்பாலும் பிவிசி. பிவிசி தானா வளையாது, அத வளைய வைக்க ஒரு பிளாஸ்டிசைசர் சேப்பாங்க, நம்ம வெயில்ல அது கொஞ்சம் கொஞ்சமா வெளியேறி பிலிம் வெறச்சு மஞ்சளாகி, உரிக்கும்போது துண்டு துண்டா வந்து பசை மட்டும் வண்டில நிக்கும். டிபிஎச்னு பேர் மாத்திச் சொல்றதும் பிவிசி வழில வந்ததுதான். நமக்கு வேண்டியது டிபியு, அதாவது தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன். அது ரப்பர் மாதிரி இழுபடும், விட்டா திரும்பிக்கும். ஒரு துண்டு கேட்டு வாங்கி கையில இழுத்துப் பாருங்க, குடுக்க மாட்டேன்னு சொன்னா அங்கிட்டே திரும்பி வந்துருங்க.

நான் கடைசியா குடுத்தது பைபாஸ் ரோட்ட ஒட்டி உள்ள தள்ளி இருக்க ஒரு சின்ன கடை. போர்டு கூட ஒழுங்கா தெரியாது. அங்க குடுத்ததுக்கு காரணம் ஓனர் தம்பி செஞ்ச ஒரே ஒரு வேலைதான். வண்டி உள்ள போனதும் ரேட் பேசாம ஒரு சின்ன மீட்டர எடுத்து ஒவ்வொரு பேனலா வச்சுப் பாத்தாரு, பெயின்ட் கனம் பாக்குற மீட்டராம். எல்லாப் பக்கமும் 110, 120 மைக்ரான்னு வந்துச்சு, வலது ஃபெண்டர்ல, அதான் முன் சக்கரத்துக்கு மேல இருக்க தகட்டுல மட்டும் 260. "அண்ணே இது பட்டறைல அடிச்ச பெயின்ட்டா"ன்னாரு. ஆமா, தீபாவளி கூட்டத்துல விளக்குத்தூண் கிட்ட ஒரு பைக்காரன் ஹேண்டில்பார வச்சு இழுத்துட்டுப் போனது, நான் சொல்லவே இல்ல, அவரா கண்டுபுடிச்சாரு. "ஒட்டித் தாரேன், ஆனா நாளப்பின்ன பிலிம உரிக்கும்போது பெயின்ட்டும் சேந்து வந்தா என்னை வையக்கூடாது, என்னக் கேட்டா அத விட்ருங்க"ன்னாரு. கம்பெனில பெயின்ட்ட 140 டிகிரி கிட்ட சூட்டுல வேக வைப்பாங்க, பட்டறைல அந்த சூடு குடுக்க முடியாது, கண்ணாடி, ஒயர், பிளாஸ்டிக்னு எல்லாம் மாட்டி இருக்குமே, அதனால புடிமானம் கம்மி. வர்ற காச வேணாம்னு சொல்ற கடைக்காரன் மேல ஒரு நம்பிக்கை வந்துரும்ல, அப்பவே அட்வான்ஸ் குடுத்துட்டேன்.

ஒட்டுனது என்னென்னன்னா பானட், முன் பம்பர், இடது ஃபெண்டர், ரெண்டு சைடு மிரர், ஹெட்லைட், முன் கண்ணாடி ரெண்டு ஓரத்துல இருக்க பில்லர், கதவு விளிம்பு, கைப்பிடிக்கு உள்ள நகம் கீறுற குழி, அப்புறம் டிக்கில சாமான் ஏத்துற எடம். எல்லாம் சேத்து ஜிஎஸ்டியோட 42,000. அதே கடைல அதே பிலிம்ல ஃபுல் பாடிக்கு 1,30,000 சொன்னாரு. கதவுக்கும் கூரைக்கும் எந்தக் கல்லு வந்து அடிக்கப் போகுது சொல்லுங்க? ஒரு கதவு பெயின்ட் அடிச்சாலே ஆறாயிரம் ஏழாயிரம்தான் ஆகுது. கம்பெனி பெயின்ட்ட காப்பாத்துறதுங்கற கணக்குல பாத்தா ஃபுல் பாடிக்கும் நியாயம் இருக்கு, ஆனா நம்ம பட்ஜெட் வண்டிக்கு அந்தக் காசு ஜாஸ்தி. முப்பது நாப்பது லட்சத்துக்கு வண்டி எடுக்குறவங்க தனி, அவங்க இத படிச்சுட்டு இருக்கவும் மாட்டாங்க.

வேலைய நான் பக்கத்துல நின்னே பாத்தேன், கடையில அதுக்கு ஒண்ணும் சொல்லல. ஒட்டுறத விட அதுக்கு முன்னாடி செய்ற வேலைதான் ஜாஸ்தி. கழுவி, பிரேக் தூசில இருக்க இரும்புத்துகள கரைக்க ஒண்ணு அடிச்சாங்க, அது பட்ட எடம் பூராம் கத்திரிப்பூ கலர்ல வடிஞ்சுச்சு, அப்புறம் களிமண்ணு மாதிரி ஒரு கட்டிய வச்சு தேய்ச்சு, பாலிஷ் போட்டு, கீறல எல்லாம் எடுத்தாங்க. இத எவனாச்சும் ஸ்கிப் பண்ணா விடாதீங்க, உள்ள இருக்க கீறல் மேலயே பிலிம் போட்டா அஞ்சு வருஷத்துக்கு அந்தக் கீறலத்தான் பத்திரமா வச்சிருப்பீங்க. அப்புறம் பேபி ஷாம்பு கலந்த தண்ணிய அடிச்சு பிலிம மெதக்க விட்டு எடத்துக்கு கொண்டு வந்து, ஓரம் ஒட்டணும்னா ஆல்கஹால் கலந்த தண்ணி அடிச்சு, ஸ்குவீஜி வச்சு தண்ணிய வெளிய தள்ளணும். பம்பருக்கு பிளாட்டர்னு கம்ப்யூட்டர்ல அளவு வச்சு வெட்டுற மிஷின்ல வெட்டி எடுத்துட்டு வந்தாங்க, பானட்டுக்கு மட்டும் பெருசா வெட்டி ஓரத்த உள்பக்கமா மடிச்சு விட்டாங்க. வண்டி மேலயே வச்சு பிளேடு போடுற கடைகளும் உண்டு, கை கொஞ்சம் அழுத்துனா பெயின்ட்ல கோடு விழும், அது பிலிம உரிக்கிற அன்னைக்குத்தான் தெரியும்.

குறை இல்லாம இல்ல. சனிக்கிழமை தாரேன்னு சொல்லி திங்கக்கிழமை சாயந்தரம்தான் குடுத்தாங்க, ஃபோன் பண்ணா எடுக்குறதே இல்ல. உக்கார ஒழுங்கான எடமில்ல, ஒரு பிளாஸ்டிக் சேரு, அதுலயும் வேற ஒருத்தர் உக்காந்திருக்காரு. பானட்ல ரெண்டு எடத்துல தூசி உள்ள மாட்டிருக்கு, குனிஞ்சு கிட்ட வச்சுப் பாத்தாத்தான் தெரியும், ஆனா எனக்குத் தெரிஞ்சுருச்சே, இப்ப என் கண்ணு நேரா அங்கதான் போகுது. பம்பர்ல ஃபாக் லைட்டுக்கு கீழ வளைவான எடத்துல ஒரு மூலை தூக்கிக்கிச்சு. அந்த மாதிரி எடத்துல பிலிம ரொம்ப இழுத்து ஒட்டுனா அது திரும்ப சுருங்கப் பாக்கும், அதான் காரணம். கொண்டு போய் காட்டுனேன், ஒண்ணும் பேசாம அந்தத் துண்ட உரிச்சுட்டு புதுசு போட்டுக் குடுத்தாங்க, காசு வாங்கல. அதுக்கப்புறம் தூக்கல.

வண்டி வந்த புதுசுல அங்கங்க தண்ணிக் கொப்புளம் தெரியும், பயப்பட வேணாம், வெயில்ல நிக்க நிக்க காஞ்சு போயிரும். ஒரு வாரத்துக்கு கழுவக்கூடாதுன்னாங்க. ஆனா வீட்ல பாண்டி கோயிலுக்கு போயே ஆகணும்னு ஒரே புடி. அங்க பூசாரி பானட் நடுவுல மஞ்சள கொழச்சு உள்ளங்கை அகலத்துக்கு அப்பி, மேல குங்குமத்த வச்சுட்டாரு. கடைக்காரரு மஞ்சள் பட்டா பிலிம்ல கறை புடிக்கும்னு முன்னமே சொல்லிருந்தாரு, சாமி காரியத்துல என்னத்த சொல்ல முடியும், கும்புட்டுட்டு வெளிய வந்ததும் ஈரத்துணில தொடச்சுட்டேன். குங்குமம் போயிருச்சு, மஞ்சள் மட்டும் லேசா நின்னுச்சு. தேய்க்காதீங்க, வெயில்ல விடுங்கன்னாரு, மஞ்சளோட கலரு வெளிச்சத்துல வெளுத்துரும், அதே மாதிரி தானா மறைஞ்சுருச்சு. குங்குமத்த அப்படி விட்றாதீங்க, இப்ப வர்றதுல எந்தச் சாயம் கலக்குறாங்கன்னு யாருக்குத் தெரியும்.

ஒரு சித்திரை வெயில முழுசா தாண்டியாச்சு, மஞ்சளாகல. தெருப் பூனை ஒண்ணு ராத்திரி பூராம் பானட் மேலதான் தூங்குது, அதோட நகக் கீறலு, துணில தொடச்ச சுருள் கோடு எல்லாம் மத்தியானம் வெயில்ல நிறுத்துனா மறையுது. வெளியூர்ல இதுக்கு ஹீட் கன்னு, சுடு தண்ணின்னு ஊத்துறாங்க, மதுரைல அதுக்கு வேலையே இல்ல. ஆனா செல்ஃப் ஹீலிங்னா எல்லாம் ஆறிரும்னு நெனைக்காதீங்க, மேல் பூச்சுல விழுந்த மெல்லிசு கோடு மட்டும்தான். கல்லு பட்ட எடத்துல பிலிம்ல சின்னச் சின்ன குழி இருக்கு, ரெண்டு எடத்துல வெட்டே விழுந்திருக்கு, ஆனா கீழ பெயின்ட் அப்படியே இருக்கு, நான் காசு குடுத்ததே அதுக்குத்தான். பிலிம் போடாத அந்த வலது ஃபெண்டர்ல இதுக்குள்ள நாலஞ்சு வெள்ளைப் புள்ளி வந்துருச்சு, ரெண்டு பக்கமும் பக்கத்துல பக்கத்துல பாத்தா வித்தியாசம் நல்லாவே தெரியுது. டொக்கு விழுறத பிலிம் தடுக்காது, அதயும் தெரிஞ்சுக்கங்க.

போர் தண்ணிக் கறை பிலிம் மேலயும் விழும். கழுவுனா நெழல்ல வச்சு கழுவி உடனே தொடச்சுருங்க, உப்புத் தண்ணி காஞ்சா கறுப்புல வட்ட வட்டமா நிக்கும். காக்கா எச்சமும் அப்படித்தான், அன்னைக்கே எடுத்துரணும், விட்டா பிலிம்லயே தடம் புடிக்கும். வாட்டர் சர்வீஸ்ல குடுக்கும்போது பிரஷர் கன்ன ஓரத்துக்கு நேரா புடிக்க வேணாம்னு சொல்லிருங்க, அந்தப் பசங்க அவசரத்துல டயருக்கு அடிக்கிற மாதிரியே பம்பருக்கும் அடிப்பாங்க.

வாரண்டி அஞ்சு வருஷம்னு போட்ருக்கு, அது மஞ்சளாகுறது, வெடிக்கிறது, ஓரம் உரியுறது இதுக்குத்தான், கல்லு பட்டு கிழிஞ்சதுக்கு கிடையாது. வாரண்டி கார்டுல ரோல் நம்பர் எழுதியிருக்கணும், அத பிலிம் கம்பெனி சைட்டுல போட்டா வரணும், டெலிவரி எடுக்கும்போது அங்கயே நின்னு செக் பண்ணிருங்க. இந்தக் கடைல பில்லு நம்மளா கேட்டாத்தான் குடுக்குறாங்க, கேட்டு வாங்கிக்கங்க, பில்லுலயும் அதே ரோல் நம்பர எழுதச் சொல்லுங்க. ஃபோன்ல புக் பண்றதெல்லாம் நடக்காது, காலைல பத்தரைக்கு மேல நேர்ல போனா ஓனர் தம்பியே இருப்பாரு.