வியாசர்பாடி ஞாயிறு வகுப்பு: 400 ரூபாய்க்கு ஒரு நூற்றாண்டுச் சண்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது டியூஷன் இல்லை, எந்தப் பரீட்சைக்கும் உதவாது. வியாசர்பாடியில் ஒரு பழைய படிப்பகத்தின் மாடியில், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் ஐந்து ஞாயிறு, காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, இஸ்ரேல் பாலஸ்தீனப் பிரச்சினையின் வரலாற்றை நடத்துகிறார். கட்டணம் 400 ரூபாய், ஜெராக்ஸ் நோட்டும் டீயும் அதிலேயே அடக்கம். நான் சேர்ந்ததற்குக் காரணம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப். 2023 அக்டோபரில் காசா போர் தொடங்கிய பிறகு அதில் சித்தப்பாவும் மச்சானும் போட்ட சண்டையைப் பார்த்தால், இரண்டு பேருக்குமே 1948-க்கும் 1967-க்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாது போலிருந்தது. எனக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

இடம் சுமார். படிக்கட்டு செங்குத்து, முட்டிவலிக்காரர்கள் யோசித்துப் போகவும். இரண்டு ஃபேனில் ஒன்றுதான் ஓடும், அதன் கீழே உட்கார ஒன்பதே முக்காலுக்கே போக வேண்டும். மூன்றாவது வாரம் மழை கொட்டி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டது, வகுப்பு ஒரு வாரம் தள்ளிப்போனது. டீ நன்றாக இருந்தது.

சரி, பாடத்துக்கு வருவோம். சார் பைபிள் காலத்தில் தொடங்குவார் என்று நினைத்தேன், மண்ணடி பவளக்காரத் தெருவில் தொடங்கினார். அந்தத் தெருவுக்கு அந்தப் பெயர் வந்ததே, பதினேழாம் நூற்றாண்டில் வெளியிலிருந்து பவளம் கொண்டுவந்து விற்று இங்கிருந்து வைரம் வாங்கிப்போன யூத வியாபாரிகளால்தானாம். "நம்ம ஊர்ல வியாபாரம் தேய்ஞ்சுது, போயிட்டாங்க. ஆனா ரஷ்யாவுல அவங்க வீட்டுக் கதவை உடைச்சாங்க" என்று சொல்லிவிட்டு, 1881-க்குப் பிறகு நடந்த படுகொலைகள், 1897-ல் யூதர்களுக்குத் தனித் தாயகம் கேட்டு ஹெர்சல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் கூட்டிய மாநாடு என்று நேராகப் போனார். எனக்கு இந்த வழி பிடித்திருந்தது. ஏன் ஒரு கூட்டம் தனக்கென்று ஒரு நாடு வேண்டும் என்று துடித்தது என்பது புரிந்த பிறகுதான், அந்த நாட்டுக்காக இன்னொரு கூட்டம் எதை இழந்தது என்ற கணக்குக்கே வந்தார்.

இரண்டாவது வகுப்புதான் அபாரம். 1917 நவம்பர் 2-ம் தேதி பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர் எழுதிய கடிதத்தின் அறிவிப்பு ஆங்கிலத்தில் மொத்தமே 67 வார்த்தை. அதை போர்டில் எழுதிப்போட்டு ஒரு மணி நேரம் அதிலேயே நின்றார். பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்கு ஒரு தேசியத் தாயகம் என்று பெயர் சொல்லி எழுதியவர்கள், அப்போது அங்கே பத்தில் ஒன்பது பேராக இருந்த அரபுகளை "யூதரல்லாத சமூகங்கள்" என்று மட்டும்தான் குறிப்பிட்டார்கள். அவர்களுக்கு மத உரிமை உண்டு, சிவில் உரிமை உண்டு, அரசியல் உரிமை பற்றிப் பேச்சே இல்லை. அதே பிரிட்டன் அதற்கு முன்பே, 1915-16-ல், மெக்காவின் அரபுத் தலைவர் ஹுசேனுக்கு அரபு சுதந்திரத்தைக் காட்டிக் கடிதம் எழுதியிருந்தது. 1916-ல் பிரான்சோடு சேர்ந்து ரகசியமாக அந்த நிலத்தைப் பங்கும் போட்டிருந்தது. ஒரே மனையை மூன்று பேருக்கு அட்வான்ஸ் வாங்கி எழுதிக்கொடுத்த புரோக்கர் என்று பின்வரிசையிலிருந்து யாரோ சொல்ல, வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை.

அவரிடம் டிரேசிங் பேப்பரில் வரைந்த வரைபடங்கள் இருக்கின்றன. பிரிட்டனின் 1937 பீல் கமிஷன் சொன்ன பிரிவினை, 1947 ஐ.நா. திட்டம், 1949 போர்நிறுத்தக் கோடு, 1967 போர், இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் போட்ட ஆஸ்லோ ஒப்பந்தம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டுகிறார். பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என்று பிரிக்கும் ஐ.நா. திட்டம் 1947 நவம்பர் 29-ல் 33-க்கு 13 என்று நிறைவேறியபோது இந்தியா எதிர்த்து ஓட்டுப் போட்டது. நம் நாட்டுப் பிரிவினை நடந்து நான்கு மாதம்கூட முழுதாக ஓடவில்லை அப்போது! மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கான யூதர்களுக்குப் பாதிக்கும் மேற்பட்ட நிலம் என்பது அரபுத் தரப்பின் ஆத்திரம். ஐரோப்பாவில் 60 லட்சம் பேரைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு அது கடைசிப் புகலிடம். 1948 ஏப்ரலில் டெய்ர் யாசின் என்ற அரபு ஊரில் நூற்றுக்கு மேற்பட்ட கிராமத்தார் யூத ஆயுதக் குழுக்களால் கொல்லப்பட்டதையும், நான்கு நாள் கழித்து யூதர்களின் ஹதாஸா மருத்துவமனைக்குப் போன வண்டிகளில் 78 பேர் அரபுத் தாக்குதலில் கொல்லப்பட்டதையும் ஒரே மூச்சில் சொன்னார். இஸ்ரேல் உருவான அந்த 1948 போரில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். அவர்கள் மொழியில் அது நக்பா, பேரழிவு.

இங்கே நான் ஒரு கேள்வி கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் தாத்தா 1964-ல் ரங்கூனில் கடையையும் வீட்டையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவர், வியாசர்பாடியில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு கதை இருக்கும். "எங்க கதையும் இதே மாதிரிதானே சார்?" என்றேன். "உங்க தாத்தாவுக்கு இறங்க ஒரு துறைமுகம் இருந்துச்சு, என் ஆளுன்னு சொல்ல ஒரு நாடு இருந்துச்சு. லெபனான் முகாம்ல பிறந்த பேரப்பிள்ளைகள்ல பெரும்பாலானவங்களுக்கு இன்னைக்கும் குடியுரிமை இல்ல. உங்க தாத்தா கதைக்குப் பக்கத்துல வைக்கணும்னா 1950-51-ல ஈராக்கை விட்டு இஸ்ரேலுக்கு வந்த லட்சத்துக்கும் மேலான யூதர்களை வைங்க" என்றார். அன்று இரவு அம்மாவிடம் இதைச் சொன்னேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நான்காவது வாரத்தில் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் சாரையே மிஞ்சிவிட்டார். 1967 ஆறு நாள் போரில் அடைபட்ட சூயஸ் கால்வாய் 1975 வரை திறக்காமல் கிடந்ததையும், ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்ததையும் அவர் சொன்ன விதமே தனி. அதே வாரம் ஐ.நா. பாதுகாப்பு சபையின் 242-ம் தீர்மானம். 1967 போரில் பிடித்த பகுதிகளிலிருந்து இஸ்ரேல் விலக வேண்டும் என்று அது சொல்கிறது. ஆங்கிலத்தில் பகுதிகளுக்கு முன்னால் 'தி' இல்லை, அதனால் எல்லாப் பகுதியும் இல்லை என்கிறது ஒரு தரப்பு. பிரெஞ்சில் படித்தால் எல்லாப் பகுதியும்தான் என்கிறது இன்னொரு தரப்பு. தமிழில் மொழிபெயர்த்தால் இந்தச் சண்டையே கண்ணுக்குத் தெரியாது, நமக்குத்தான் 'தி' கிடையாதே.

இனி என் புகார். ஐந்தாவது வகுப்பு சொதப்பல். 1948 வரை வருவதற்கே மூன்று வாரத்தைச் செலவழித்துவிட்டதால், 1987-ல் பாலஸ்தீனர்களின் இன்டிஃபாதா எழுச்சி, 1993 ஆஸ்லோ, 1995-ல் இஸ்ரேல் பிரதமர் ராபின் கொலை, 2005-ல் காசாவிலிருந்து இஸ்ரேல் குடியிருப்புகளை அகற்றியது, 2006 பாலஸ்தீனத் தேர்தலில் ஹமாஸ் இயக்கம் ஜெயித்தது எல்லாம் எக்ஸ்பிரஸ் ரயிலில் தாண்டிப்போன ஸ்டேஷன் மாதிரி ஆயின. 1967-ல் இஸ்ரேல் பிடித்த மேற்குக் கரையில் ஏறத்தாழ 60 சதவீதம் ஆஸ்லோவில் பிரித்த 'சி' பகுதி, அங்கே அதிகாரம் இஸ்ரேலிடம்தான் என்பதை ஒரு வரியில் முடித்தார். அதற்கு ஒரு மணி நேரம் தந்திருக்க வேண்டும், இஸ்ரேலியக் குடியேற்றங்கள் வளர்ந்த கதையே அங்கேதானே இருக்கிறது! 2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் தாக்குதலில் கொல்லப்பட்ட சுமார் 1,200 பேர், பிடித்துச் செல்லப்பட்ட 251 பேர், அதற்குப் பிறகு காசா சுகாதாரத் துறையின் கணக்கில் 60,000-ஐத் தாண்டிய சாவு, எல்லாவற்றுக்கும் கடைசிப் பதினைந்து நிமிடம். சண்டை போடுகிற எல்லோரும் அங்கிருந்துதானே தொடங்குகிறார்கள்? கேட்டதற்கு, "அதனாலதான் நான் அங்கிருந்து தொடங்கல" என்றார். பதில் சரிதான், ஆனால் முடிக்காமல் விட்டதற்கு அது பதில் ஆகாது.

சார் எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். 1988-ல் இந்தியா பாலஸ்தீனத்தை அங்கீகரித்ததைச் சொல்லும்போது குரலில் ஒரு சந்தோஷம் தெரிந்தது, 1992-ல் இஸ்ரேலோடு முழுத் தூதரக உறவு வந்ததைச் சொல்லும்போது தெரியவில்லை. அவ்வளவுதான் என்னால் பிடிக்க முடிந்தது.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். ஜெராக்ஸ் நோட்டு பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை: வரைபடங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை, பச்சைக்கோடு என்று பெயர் வாங்கிய 1949 போர்நிறுத்தக் கோடும் கறுப்பு, அதைச் சுற்றியுள்ள எல்லாக் கோடும் கறுப்பு. போகிறவர்கள் ஒரு பச்சை ஸ்கெட்ச் பேனா கொண்டுபோங்கள், சார் டிரேசிங் பேப்பரை வைக்கும்போதே பார்த்து வரைந்துகொள்ள வேண்டும், அப்புறம் வீட்டில் வந்து தேடினால் கிடைக்காது.