பி செல் பாடத்துக்காகவே இந்த கோர்ஸை எடுக்கலாம்

ஆன்டிபாடி என்றாலே ரத்தத்தில் மிதந்துபோய் கிருமியைப் பிடிக்கும் புரதம் என்றுதான் பெரும்பாலும் படித்திருப்போம். அதே ஆன்டிபாடி, அதைத் தயாரிக்கும் வெள்ளை அணுவான பி செல்லின் சவ்வில் ரிசெப்டராக (சிக்னலைப் பிடிக்கும் புரதமாக) ஊன்றி நின்று, உதவிக்கு வரும் இன்னொரு வெள்ளை அணுவான டி செல்லோடு எப்படித் தொடர்பை உண்டாக்குகிறது என்பதை, இந்த ஆன்லைன் இம்யூனாலஜி (நோய் எதிர்ப்பு இயல்) கோர்ஸ் அளவுக்குப் பொறுமையாகச் சொன்ன பாடம் எதையும் நான் பார்த்ததில்லை.

பி செல் பாடம்தான் இதன் உயிர். ஒரு செல்லின் மேல் சுமார் 1,00,000 ஆன்டிபாடிகள், அத்தனையும் ஒரே ஆன்டிஜெனை, அதாவது ஒரே இலக்குப் பொருளைத் தேடுபவை. அப்படிச் சவ்வில் நிற்கும் ஐஜிஎம் வகை ஆன்டிபாடிக்கு செல்லுக்குள் நீளும் வால் வெறும் 3 அமினோ அமிலம்தான், அதை வைத்து சிக்னல் அனுப்ப முடியாது, பக்கத்தில் ஒட்டி நிற்கும் சிடி79ஏ, சிடி79பி என்ற இரண்டு புரதங்களும்தான் அந்த வேலையைச் செய்கின்றன என்பதை அனிமேஷனில் நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஹிப் (குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் தரும் ஒரு பாக்டீரியா) தடுப்பூசியை வைத்து விளக்கிய இடம். அந்தப் பாக்டீரியாவின் மேலுறை சர்க்கரைச் சங்கிலி, அதை டி செல் கண்டுகொள்ளாது, அதனால் வெறும் சர்க்கரையை ஊசியாகப் போட்டால் கைக்குழந்தைகளிடம் பலன் இல்லை. சர்க்கரையோடு ஒரு புரதத்தைப் பிணைத்துக் கொடுத்தால், பி செல் தன் ஆன்டிபாடியால் சர்க்கரையைப் பிடித்து மொத்தத்தையும் உள்ளே இழுத்து, புரதத்தைத் துண்டாக்கி டி செல்லுக்குக் காட்டும் தாங்கிப் புரதமான எம்ஹெச்சி 2 மேல் வைத்து நீட்டுகிறது. அந்தத் துண்டை அடையாளம் கண்ட டி செல், பி செல்லின் மேலுள்ள சிடி40 என்ற புரதம் வழியாக உதவி கொடுக்கிறது. இரண்டு செல்லும் பார்ப்பது வேறு வேறு பகுதி, ஆனாலும் சர்க்கரைக்கு எதிரான ஆன்டிபாடி தயாராகிவிடுகிறது. இவ்வளவு தெளிவாக இது புரிந்ததில் அவ்வளவு சந்தோஷம்.

அலர்ஜியைக் கிளப்பும் மாஸ்ட் செல் பற்றிய பாடம் அப்படி இல்லை, அவசரமாக முடித்துவிட்டார்கள். மாஸ்ட் செல் ஐஜிஇ வகை ஆன்டிபாடியைத் தானாகத் தயாரிப்பதில்லை, பி செல்லிலிருந்து உருவாகும் பிளாஸ்மா செல் வெளியிட்டதை, ஆன்டிபாடியின் வால் பகுதியைப் பற்றும் எஃப்சி ரிசெப்டரால் பிடித்து வைத்திருக்கிறது, பக்கத்துப் பக்கத்து ஐஜிஇ-க்களை அலர்ஜிப் பொருள் இணைத்ததும் ஹிஸ்டமின் கொட்டுகிறது. படத்திலோ பி செல்லுக்குக் காட்டிய மாதிரியே ஐஜிஇ-யை நேராகச் சவ்வில் நட்டுவிட்டார்கள், எஃப்சி ரிசெப்டரே காணோம். புதிதாகப் படிப்பவர் இதைத் தப்பாகத்தான் புரிந்துகொள்வார், கட்டாயம் திருத்த வேண்டும். என்கே செல் என்ற கொல்லி வெள்ளை அணுவும் சிடி16 என்ற எஃப்சி ரிசெப்டரை வைத்து ஆன்டிபாடி ஒட்டிய செல்லைக் கொல்கிறது, அதற்கு ஒரே ஒரு ஸ்லைடு!

வினாடி வினாவும் சிடி எண்களை மனப்பாடம் செய்தாலே தேறிவிடும் ரகம். நர்சிங், லேப் டெக்னீஷியன் படிப்பவர்கள் தாராளமாக எடுக்கலாம், ஆனால் எம்ஹெச்சி பாடத்தை முதலில் பார்த்துவிடுங்கள், கோர்ஸில் அதைத் தள்ளிக் கடைசியில் வைத்திருக்கிறார்கள்.