எழும்பூர் மியூசியமா, கீழடி மியூசியமா?

ரெண்டுமே தமிழ்நாடு கவர்மென்ட் நடத்துறதுதான், ஆனா ஆபீஸ் வேற வேற. எழும்பூர் அருங்காட்சியகங்கள் துறை கையில, கீழடி தொல்லியல் துறை கையில. உள்ள போனாலே வித்தியாசம் தெரிஞ்சிடும்.

எழும்பூர் 1851ல ஆரம்பிச்சது, அமராவதி சிற்பம், திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர், திமிங்கல எலும்புக்கூடு, பழைய காசுன்னு எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்த பொருளுங்க, ஒரே நாள்ல பாத்து முடிக்கவே முடியாது, கால் வலிதான் மிச்சம். வெண்கல கேலரி ஒண்ணு போதும், டிக்கெட் காசுக்குப் பழுதில்ல.

கீழடி 2023 மார்ச்ல தெறந்தது, செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்காங்க. அங்க நடந்த அகழாய்வுல மொதல் 3 கட்டம் மத்திய தொல்லியல் துறை தோண்டுச்சு, 4ஆம் கட்டத்துல இருந்து மாநிலத் துறை, அதனால தோண்டுனவங்களே பொருள வச்சு கதையும் சொல்றாங்க, எது எங்க கெடச்சதுன்னு நல்லா புரியுது. பானை ஓட்டுல 'ஆதன்'னு யாரோ கீறி வச்ச பேரு, பக்கத்துல பகடைக்காய், அத பாத்ததும் எனக்கு பாட்டி வீட்டுத் திண்ணைல தாயம் ஆடுனதுதான் ஞாபகம்.

பசங்களோட போறீங்கன்னா என் ஓட்டு கீழடிக்குத்தான். எழும்பூர ரெண்டு மூணு வாட்டியா பிரிச்சுப் பாருங்க, ஆங், வெள்ளிக்கிழமை போயிடாதீங்க, லீவு.